பிள்ளையின் போக்கும் பள்ளியின் போக்கும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பள்ளிப் படிப்பில் தம் பிள்ளையின் தனித்திறனுக்கு இடம் இருக்கிறதா என்றே கேட்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில், நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறான். பழுதான மின்விசிறி, பழைய வானொலி என எது கிடைத்தாலும் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பொருத்துகிறான். எம்ஆர்டி ரயில் வழித்தட வரைபடம் முழுவதையும் பார்க்காமலே வரைகிறான். ஆனால் கணிதத்தில் ஐம்பது மதிப்பெண்ணைத் தாண்டுவதில்லை. அடுத்த ஆண்டு அடிப்படைக் கணிதம் எடுக்கலாம் என்று ஆசிரியர் சொல்கிறார். என் மாமியாரோ, பேரனுக்கு மக்கு என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று கலங்குகிறார். அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கலாமா?
— ஒரு தாய், செங்காங்

பதில்: சகோதரி, வீட்டுக்கல்வியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2000-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி, பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெறவேண்டும். என்ன கற்பிக்கப் போகிறோம், எப்படிக் கற்பிக்கப் போகிறோம் என்று விளக்க வேண்டும். பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வை எழுதி, அமைச்சு வகுத்த தகுதிநிலையையும் எட்டவேண்டும். நீங்கள் எந்தத் தேர்வுக்கு அஞ்சி அவனை வெளியே எடுக்க நினைக்கிறீர்களோ, அந்தத் தேர்வு வீட்டுக்கல்வியிலும் இருக்கிறது. தொடக்கநிலை ஒன்றிலிருந்தே அந்த வழியைத் தேர்ந்து நன்றாக நடத்தும் குடும்பங்கள் உண்டு. ஆனால் தேர்வுக்கு ஓராண்டு இருக்கையில், கலக்கத்தில் எடுக்கும் முடிவாக அது இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது அடிப்படைக் கணிதம். இது முழுப்பிள்ளையையும் ஒரு பிரிவில் தள்ளிவிடும் பழைய ஏற்பாடு அன்று. ஒரு பாடத்தை மட்டும் அவனால் தாங்க முடிந்த அளவில் கற்க வழிசெய்யும் ஏற்பாடு. மற்றப் பாடங்களை அவன் இப்போது படிக்கும் நிலையிலேயே படிக்கலாம். 2021-ல் வந்த மதிப்பீட்டு முறையின்படி, வழக்கமான கணிதத்தில் 45 முதல் 64 வரை எடுக்கும் பிள்ளைக்கு அடைவுநிலை 6 கிடைக்கும் (அடைவுநிலை 1 மிக உயர்ந்தது, 8 மிகத் தாழ்ந்தது). அடிப்படைக் கணிதத்தில் 75-ஓ அதற்கு மேலோ எடுப்பவருக்குக் கிடைக்கும் ‘ஏ’ தரமும், உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையின்போது அதே அடைவுநிலை 6-ஆகத்தான் கணக்கிடப்படுகிறது. ஆகவே இதில் மானக்கேடு எதுவும் இல்லை. உங்கள் மாமியாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆனாலும் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள் என்றே நான் கேட்டுக்கொள்வேன். கழற்றி மாட்டும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் மிகவும் வேண்டியிருக்கும் பாடம் கணிதம்தான். இப்போது ஐம்பது எடுக்கும் அவன் இன்னும் பதினைந்து மதிப்பெண் கூட்டி 65-ஐத் தொட்டால் அடைவுநிலை 5-ஐ எட்டுவான். அப்போது உயர்நிலை ஒன்றில் மற்றப் பாடங்கள் எப்படி இருந்தாலும் கணிதத்தை மட்டும் மிகக் கடினமான ஜி3 நிலையில் எடுக்கும் வாய்ப்பு அவனுக்குத் திறக்கும். அடைவுநிலை 6 என்றால் அதற்கு ஒருபடி கீழான ஜி2. எனவே முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அவன் எழுதிய தேர்வுத்தாளை ஆசிரியரோடு உட்கார்ந்து பாருங்கள். தவறாகப் போட்ட கணக்குகள் எவை, தொடாமலே விட்டவை எவை என்று தனித்தனியாக எண்ணுங்கள். கூட்டல், பெருக்கல், பின்னம் ஆகியவற்றை நேரடியாகக் கேட்டபோது சரியாகப் போட்டுவிட்டு, நான்கு வரி ஆங்கிலத்தில் வரும் கதைக்கணக்கை மட்டும் வெறுமையாக விட்டிருந்தால், அவனுக்குத் தடையாக இருப்பது கணிதம் அன்று, வாசிப்பு. நான் தமிழாசிரியை, கணிதம் கற்பித்தவள் அல்லள். ஆயினும் பிள்ளை திணறிக்கொண்டிருந்த அதே கணக்கைத் தமிழில் வாயால் சொன்னதும் கண் விரிய விடை சொன்னதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாடத்தைக் குறைப்பது மருந்தாகாது. மாறாக, பின்னமே பிடிபடவில்லை என்று தெரிந்தால், அடிப்படை நிலையில் நிதானமாக அதைக் கற்றுக்கொள்வது அவனுக்கு நிம்மதி தரும். இரண்டில் எது என்று தாள்தான் சொல்லும்.

இப்போது, நீங்கள் கடிதத்தில் இரண்டே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட செய்திக்கு வருகிறேன். வரைபடத்தைப் பார்க்காமல் வரையும் பிள்ளை, நிலையங்களின் வரிசையையும் தடங்கள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பதையும் மனத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறான். கழற்றிய மின்விசிறியை மீண்டும் பொருத்துபவனுக்கு, எது முதலில் கழன்றதோ அது கடைசியில் பொருந்தவேண்டும் என்ற முறை கைவந்திருக்கிறது. யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளை எதனிடம் திரும்பத் திரும்பப் போகிறதோ, சலிப்பில்லாமல் எதற்காகத் தோல்வியைத் தாங்கிக்கொள்கிறதோ, அங்கேதான் அதன் திறன் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதற்குச் செலவில்லை, ஆனால் நேரம் வேண்டும். துணைப்பாட வகுப்பு இல்லாத ஒரு மாலைப்பொழுதையாவது அவனுக்கென்று விட்டு வையுங்கள். மின்செருகியை அகற்றிய பிறகே எதையும் தொடவேண்டும், தொலைக்காட்சிப் பெட்டியையும் மைக்ரோவேவ் அடுப்பையும் திறக்கவே கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அவற்றின் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அவன் கழற்றிய பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாட்டியிடம் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பாட்டிக்கு உண்மையிலேயே தெரியாது. ஆகவே அவன் உண்மையிலேயே சொல்லவேண்டியிருக்கும். திருகாணி, இறக்கை, கம்பிச்சுருள் என்று சொற்கள் தேவைக்கு வந்து சேரும். எவ்வளவு பயிற்சித்தாள் கொடுத்தாலும் வாய் திறக்காத பிள்ளைகள், தமக்குப் பிடித்ததைச் சொல்லவேண்டிய இடத்தில் மடை திறந்தாற்போல் பேசுவதை என் வகுப்பில் நான் கண்டிருக்கிறேன். உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் அவனுக்காகக் காத்திருக்கிறது. கலை, இசை, உடற்கல்வி போல அதுவும் எல்லா நிலை மாணவர்களும் கலந்து படிக்கும் பாடம். அங்கே அவன் கை பேசும்.

கேள்வி: பிள்ளையின் பத்து விரல் ரேகைகளையும் பதிவு செய்து, அவளுக்கு எந்த வகை அறிவு மிகுதி, அவள் கண்ணால் கற்பவளா காதால் கற்பவளா என்று அறிக்கை தருகிறார்கள். கட்டணம் சில நூறு வெள்ளி. நான்கு வயதிலேயே தெரிந்துகொண்டால் அதற்கேற்ற வகுப்புகளில் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். செய்யலாமா?
— ஒரு தந்தை, புக்கிட் பாத்தோக்

பதில்: வேண்டாம். விரல் ரேகைகள் தாயின் வயிற்றில், கருவளர்ச்சியின் முதல் ஆறு மாதங்களுக்குள் அமைந்துவிடுகின்றன; அதன்பின் அவை மாறுவதில்லை. பிள்ளையின் திறனோ அவள் கேட்கும் மொழியாலும், கைபடும் பொருள்களாலும், உடனிருக்கும் மனிதர்களாலும் நாள்தோறும் வளர்வது. மாறாத ஒன்றைப் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைச் சொல்லிவிட முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

இத்தகைய அறிக்கைகள் பெரும்பாலும் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோவர்ட் கார்ட்னரின் பெயரைத் துணைக்கு அழைத்துக்கொள்கின்றன. 1983-ல் அவர், அறிவு என்பது ஒற்றை எண்ணால் அளக்கக்கூடியது அன்று; மொழி, கணக்கு, இசை, உடலசைவு, இடவுணர்வு எனப் பலவாக அது இருக்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அது மிகவும் ஆறுதலாக இருந்தது. கடைசி வரிசைப் பிள்ளையை வேறு கண்ணோடு பார்க்க எங்களைத் தூண்டியது. ஆனால் உளவியல் ஆய்வாளர்கள் பலர் அதற்குப் போதிய சான்று இல்லை என்று மறுத்திருக்கிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்ற பிரிவினை கார்ட்னருடையது அன்று. தம் கருத்தை அதனோடு குழப்பவேண்டாம் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பிரிவினையை ஆராய்ந்த உளவியலாளர் குழு ஒன்று, பிள்ளையின் கற்றல் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிட்டவில்லை என்று 2008-ல் முடிவு கூறியது.

என்னை இதைவிட வருத்துவது வேறு. நான்கு வயதுப் பிள்ளைக்கு இசை வராது என்று ஓர் அறிக்கை சொல்லிவிட்டால், நீங்கள் அவளுக்குப் பாடிக் காட்டுவதை நிறுத்திவிடுவீர்களா? நிறுத்தமாட்டேன் என்பீர்கள். ஆனாலும் அவள் சுதி தவறிப் பாடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாள் உங்கள் நினைவுக்கு வரும். தேர்வு மதிப்பெண் பிள்ளையை அடைத்துவிடுகிறது என்று குறைபட்டுக்கொள்ளும் நாமே, அதைவிடச் சிறிய பெட்டி ஒன்றை விலை கொடுத்து வாங்கலாகாது. அந்தப் பணத்துக்குப் பூமலை எனும் தாவரவியல் பூங்காவுக்கு எத்தனையோ முறை போய்வரலாம் (நுழைவுக்கட்டணம்கூட இல்லை). தேசிய நூலக வாரியத்தின் வட்டார நூலகங்களில் தமிழ்க் கதைப்புத்தகங்களை இலவசமாக இரவல் வாங்கலாம். மகள் எந்தப் புத்தகத்தை இரண்டாம் முறை எடுக்கிறாள் என்று கவனித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து அந்தக் குறிப்பேட்டைப் படித்தால், நீங்கள் கேட்ட அறிக்கை அதில் இருக்கும்.

கேள்வி: எங்கள் காலத்துத் தமிழ்ப் பள்ளியில் எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே கண்டிப்பு. வாய்ப்பாடும் செய்யுளும் மனப்பாடமாகச் சொல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. அதுதான் எங்களை ஆளாக்கியது. இப்போது அரையாண்டுத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். பிள்ளையின் விருப்பம், தனித்திறன் என்கிறார்கள். இது பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்காதா?
— ஒரு தாத்தா, ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஐயா, மனப்பாடத்தைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு. வாய்ப்பாடு நாக்கில் இருக்கும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கில் யோசிக்க மனம் ஓய்வாக இருக்கும். இல்லாத பிள்ளை ஏழெட்டு எவ்வளவு என்று தேடுவதிலேயே களைத்துப்போகும். நல்ல செய்யுள் சில நினைவில் உள்ள பிள்ளை எழுதும் தமிழில் ஓசை தானாக அமையும். தனித்திறனை வளர்க்கிறோம் என்ற பெயரில் இவற்றைக் கைவிடுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

ஆனால் தாங்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். தங்களோடு முதல் வகுப்பில் அமர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசி வகுப்புவரை உடன் இருந்தார்கள்? வீட்டு வறுமையால் நின்றவர்கள் ஒருபுறம் இருக்க, பாடம் ஏறவில்லை என்று அடிபட்டு நின்றவர்களும் இருந்திருப்பார்கள். பழைய பள்ளி எங்களை ஆளாக்கியது என்று இன்று சொல்ல முடிகிறவர்கள், அந்தப் பள்ளியில் தாக்குப்பிடித்தவர்கள்; மற்றவர்கள் இந்த இதழுக்குக் கடிதம் எழுதுவதில்லை. 1979-ல் அப்போதைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு எடுத்துக்காட்டிய பெருங்குறையும் இதுதான்: பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் மிகப் பலர் படிப்பை முடிக்காமல் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பள்ளியில் தக்கவைக்க, தரம் பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தது. அது தன் வேலையைச் செய்தது. பாதியில் நிற்பவர்கள் பெரிதும் குறைந்தார்கள். ஆனால் அதற்குப் பிள்ளைகள் கொடுத்த விலையும் பெரிது. பிரிவின் பெயர் பிள்ளையின் பெயராயிற்று. தொடக்கப்பள்ளியில் கடைசித் தரப்பிரிவின் பெயர் இஎம்3. நானே வகுப்பறையில், “நாங்கள் இஎம்3, ஆசிரியை, எங்களுக்கு இது வராது” என்று பத்து வயதுப் பிள்ளை புன்னகையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் புன்னகை இன்றும் என்னை உறுத்துகிறது. 2008-ல் தொடக்கப்பள்ளியில் அந்தப் பிரிவுகள் நீங்கின. 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்கள் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்களும் போய், பாடத்துக்குப் பாடம் நிலையைத் தேர்ந்துகொள்ளும் முறை வந்திருக்கிறது. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலை என்று தனித்தனித் தேர்வுகள் இல்லாமல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்.

தேர்வைக் குறைத்ததும் இதே நோக்கத்தில்தான். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண் சேரும் தேர்வுகள் 2019-ல் நின்றன. அரையாண்டுத் தேர்வுகள் 2023-க்குள் எல்லா வகுப்புகளிலும் நின்றன. ஆண்டு நடுவே தேர்வுக்கு ஆயத்தமாகும் வாரங்களை ஆசிரியருக்குத் திருப்பிக் கொடுத்து, நாடகம் போடவும், ஆய்வு செய்யவும், பின்தங்கிய பிள்ளையோடு உட்காரவும் இடம் தருவதே எண்ணம். ஆனால் அந்த நேரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. 2023-ல் எடுத்த குடும்பச் செலவு ஆய்வின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் துணைப்பாட வகுப்புகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 பில்லியன் வெள்ளி செலவிடுகின்றன. ஐந்தாண்டுக்கு முன் அது 1.4 பில்லியன். பள்ளி எடுத்துவிட்ட தேர்வுத்தாளைக் கடையில் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைக்கிறோம். பிள்ளை சோம்பியிருக்குமோ என்று தாங்கள் அஞ்சுகிறீர்கள். அதற்கு நேரமே இல்லையே என்று நான் அஞ்சுகிறேன்.

பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், தாங்கள் கற்ற செய்யுள்களில் ஒன்றிரண்டை, கண்டிப்பைக் குறைத்துக்கொண்டு, அடுக்குமாடி புளோக்கின் கீழே நடக்கும்போது சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: என் மகள் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள். ஆறு வயதிலிருந்து பரதநாட்டியம் கற்கிறாள். நடனத் திறனைக் கொண்டு நேரடிப் பள்ளிச் சேர்க்கைமூலம் நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம்பெற விண்ணப்பிக்கலாம் என்று, சென்ற ஆண்டிலிருந்து கூடுதல் பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் அனுப்புகிறோம். இப்போது சலங்கையைக் கண்டாலே முகம் சுளிக்கிறாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, என்ன செய்வது?
— ஒரு தாய், தெம்பனிஸ்

பதில்: மதிப்பெண்ணைத் தாண்டிப் பிள்ளையின் திறனைப் பார்க்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு 2004-ல் தொடங்கப்பட்ட ஏற்பாடு இது. விளையாட்டிலோ கலையிலோ மனம் தோய்ந்த பிள்ளைகள் பலருக்கு அது வழி திறந்திருக்கிறது. ஆனால் அதன் விதிகளை மகளோடு சேர்ந்து ஒருமுறை படியுங்கள். பள்ளி அவளைத் தேர்ந்து, நீங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டால், இறுதித் தேர்வு முடிவுகளுக்குப் பிறகு வேறு பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடியாது. பள்ளி மாறவும் இயலாது. எந்தத் திறனுக்காகச் சேர்ந்தாளோ அந்தத் துறையிலேயே அவள் அங்கே தொடரவேண்டும் என்று எதிர்பார்க்கப்படும். முகம் சுளிக்கும் பிள்ளைக்கு இன்னும் நான்கு ஆண்டு நடனம் என்பது தண்டனை ஆகிவிடும்.

அவள் வெறுப்பது நடனத்தையா, நடனம் ஒரு நுழைவுச்சீட்டு ஆகிவிட்டதையா என்பதுதான் தெரியவேண்டும். கேட்டால் சொல்லமாட்டாள், இந்த வயதில் பிள்ளைகள் பெற்றோருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வார்கள், அல்லது அதற்கு நேர்மாறானதைச் சொல்வார்கள். ஆகவே ஒரு மாதத்துக்குப் போட்டிகளையும் கூடுதல் பயிற்சியையும் நிறுத்திவிட்டு, பழைய வார வகுப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடன ஆசிரியரிடமும் காரணத்தைச் சொல்லி, அவளுக்குப் பிடித்த பழைய உருப்படி ஒன்றைமட்டும் ஆடவிடச் சொல்லுங்கள். அந்த மாதத்தில் அறையில் தனியாக இருக்கும்போது அவள் கால் தாளம் தட்டினால், விண்ணப்பத்தைப் பற்றி அவளோடு பேசுங்கள். பள்ளியின் பெயரைப் பற்றி அல்லாமல், அங்கே நடனக்குழு எப்படி இருக்கிறது, யார் கற்பிக்கிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி என்பதைப் பற்றிப் பேசுங்கள்.

தட்டாவிட்டால், விண்ணப்பிக்காமல் விட்டுவிடுங்கள். ஆறு ஆண்டு ஆடியதில் அவளுக்குக் கிடைத்த தாளமும் உடல் ஒழுங்கும் மேடைக் கூச்சமின்மையும் எங்கும் போய்விடா. மற்றப் பிள்ளைகளைப் போல இறுதித் தேர்வு எழுதி, கிடைக்கும் பள்ளிக்குப் போகட்டும். அங்கே இணைப்பாட நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவள் இந்திய நடனத்தின் பெயரைத் தானே எழுதினாலும் எழுதலாம், கூடைப்பந்தை எழுதினாலும் எழுதலாம். அந்தத் தாளில் நீங்கள் கை வைக்காதீர்கள். சலங்கையை மட்டும் எண்ணெய்ப்பிசுக்கு ஏறாமல் துணியில் சுற்றி, அவள் கைக்கு எட்டும் அலமாரித் தட்டில் வைத்திருங்கள்.